அத்தானுக்கு எழுதிக் கொடுத்த மரங்கள்

மரத்தடியில் போய் உட்காருங்கள் என்று சொன்னதற்காக ஒரு மனிதர் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் அத்தான் பொறுத்துக்கொண்டிருப்பார். மனநல ஆலோசகரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பி, "மரத்தடியில உட்காரவா நான் இத்தனை வருஷம் தொழில் கத்துக்கிட்டேன்?" என்று கேட்டார், அந்த யோசனையைச் சொன்னதே நான்தான் என்பதுபோல.

ஒரு விதத்தில் நான்தான் சொன்னேன். ஆலோசகர் அம்மா தன் மொழியில் சொன்னதை எங்கள் மொழியில் எடுத்துச் சொன்னது நான்தானே. நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரின் மொழி அத்தானுக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் அதில்தான் வேலை பார்க்கிறார், அதில்தான் சண்டையும் போடுகிறார். ஆனால் மனசைப் பற்றிப் பேசவேண்டும் என்றதும் பின்வாங்கிவிட்டார். "வேலைக்கு அந்தப் பாஷை போதும் மச்சான், இதுக்கெல்லாம் பத்தாது. நீயும் கூட வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். அக்கா வீட்டுக்காரர் கூப்பிடும்போது வேலை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அத்தானுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். அறுவை சிகிச்சை முடிந்த கருவிகளெல்லாம் தனி லிஃப்டில் கீழே இறங்கி அங்கே வரும். ஒரு பக்கம் அழுக்குப் பக்கம், அங்கே கழுவுவார்கள். நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். அங்கேதான் அத்தானின் மேசை. விளக்கு பொருத்திய பெரிய லென்ஸுக்குக் கீழே ஒவ்வொரு கத்தரியாக, ஒவ்வொரு இடுக்கியாகத் திறந்து, மூட்டுக்குள் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பார்த்துத் தட்டில் அடுக்கி, நீலத் துணியில் சுற்றி, வெள்ளை டேப் ஒட்டி, ஆவியில் வேக வைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பவேண்டும். சூடு சரியாக ஏறினால் டேப்பில் உள்ள கோடுகள் கறுத்துவிடும். கறுத்தால் சுத்தம். கறுக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் அத்தான் ராஜா. அவருக்கு அங்கே 'லென்ஸ்' என்றுதான் பெயர். லென்ஸ் பார்த்த தட்டு என்றால் மாடியில் இருக்கும் நர்ஸுகள் இன்னொரு முறை பார்க்காமலே பிரிப்பார்களாம். இதை அத்தானே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் அனுப்பிய தட்டு ஒன்று ஒரு நாள் மாடியிலிருந்து திரும்பி வந்தது. ஒரு கத்தரியின் மூட்டில் பழுப்பாக ஒரு புள்ளி. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கையில் எடுக்கும்போதே நர்ஸ் பார்த்து, தட்டை மாற்றிவிட்டார். அது ரத்தமே இல்லை, தண்ணீரில் வந்த துருக்கறை என்று பிறகு சோதித்தும் சொல்லிவிட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் அதோடு போயிருக்கும் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

அன்றிலிருந்து அத்தான் பார்த்ததையே பார்க்க ஆரம்பித்தார். அடுக்கிய தட்டைக் கலைத்து மறுபடியும் பார்ப்பார். சுற்றிய துணியைப் பிரித்துப் பார்ப்பார். கடைசியில், இயந்திரத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்திய பிறகும் நிறுத்தச் சொல்லி வெளியே எடுத்தார். மாடியில் நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டுக் கருவிக்காகக் காத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் அம்மா வேறு வழியில்லாமல் அவரைத் துணி அறைக்கு மாற்றினார். டாக்டர்கள் போடும் அங்கிகளை மடித்து அடுக்கும் வேலை. அத்தானின் மேசைக்கு வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் தற்காலிகமாக வந்தார். ஆலோசகர் அம்மா பார்த்து, இவர் மேசைக்குத் திரும்பலாம் என்று சொன்னால் திரும்பலாம். சொல்லாவிட்டால் புது ஆள் நிரந்தரம். அத்தானுக்கு ஓய்வு பெறும் வரைக்கும் அங்கி மடிப்பு.

விஷயம் இவ்வளவுதான். இதற்கு அந்த அம்மா கண்டுபிடித்த வைத்தியம் மரம்.

தினமும் அரை மணி நேரம் மரங்களுக்கு நடுவே உட்காரவேண்டும். போனை எடுக்கக் கூடாது. முடிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைக்கவேண்டும். உங்கள் கண் எப்போதும் ஒரு சாண் தூரத்திலேயே இருக்கிறது, அதைத் தூரத்துக்கு அனுப்புங்கள் என்றார். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் அழகாகவே சொன்னேன். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புல்லுல என்னென்ன இருக்கும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேளு."

நான் கேட்கவில்லை. மிகவும் நன்றி என்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

பூங்கா அக்காவும் அத்தானும் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பஸ் நிறுத்துமிடத்தின் மதில், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தின் மதில், நடுவில் வயசான மரங்கள் கொஞ்சம், வாத்துகள் நீந்தும் குட்டை ஒன்று, பெயின்ட் உரிந்த பெஞ்சுகள். அத்தான் தனியாகப் போக மாட்டேன் என்றார். ஆம்பளை ஒருத்தன் பட்டப்பகலில் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைப்பார்களாம். ஆகவே அக்காவும் கூடப் போகவேண்டியதாயிற்று.

அக்காவுக்கு வேலை துணி திருத்தும் கடையில். காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பெரிதாக்குவது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் மிஷினை மிதித்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள், வாசலில் அத்தான் கையில் பையோடு நிற்பாராம். பைக்குள் கிருமிநாசினியில் நனைத்த துடைப்புத் தாள், பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு ஜோடிக் கையுறை.

முதல் வாரமே எனக்குப் போன் வந்துவிட்டது. பெஞ்சைத் துடைக்கவே பாதி நேரம் போகிறது என்றாள் அக்கா. துடைத்து, விரித்து, நட்டநடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொள்கிறாராம். அது தொழில் பழக்கம். கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே இறங்கினால் அது அழுக்கான கை. எதிரே ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, இவருக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

"நான் என்னன்னுடா சொல்றது? மரத்தைப் பாருங்கன்னு கூட்டிட்டுப் போனா, மனுஷன் மரத்துக்கு அடியில என்ன கிடக்குன்னு பார்க்கிறார். நாய் வந்தா எழுந்திருக்கிறார். வாத்து வந்தா எழுந்திருக்கிறார். காத்து அடிச்சா மூக்கைப் பொத்துறார். அந்த அரை மணி நேரம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, ரெண்டு பேரோட செருப்பையும் கழுவுறார்."

"கொஞ்ச நாள் போனாச் சரியாயிடும்க்கா."

"உனக்கென்ன, வாயிலேயே சொல்லிட்டுப் போயிடுவே."

இரண்டாவது தடவை ஆலோசகரிடம் போனபோது அத்தான் மனசு திறந்து பேசினார். பூங்காவுக்குப் போய் வந்தால் இருக்கிற படபடப்பு அதிகமாகிறது என்றார். கண்ணைத் தூரத்துக்கு அனுப்பினால் அது போகிற வழியிலேயே குப்பையில் சிக்கிக்கொள்கிறது என்றார். இந்த அம்மாவை ஒரு நாள் எங்கள் அழுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால் அப்புறம் புல்லைப் பற்றிப் பேச மாட்டார் என்றார். கடைசி வாக்கியத்தை நான் விழுங்கிவிட்டேன். யாரோடும் வம்பு வேண்டாம் என்பது என் சுபாவம்; அதிலும் ஒருவருடைய வேலை இன்னொருவர் வாய்ச்சொல்லில் தொங்கும்போது.

ஆலோசகர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சரி, பூங்கா பெரிய அடியாக இருக்கிறது, சின்னதாக ஆரம்பிக்கலாம் என்றார். வீட்டில் ஒரே ஒரு தொட்டி, கொஞ்சம் மண், ஒரு செடி. கையுறை இல்லாமல் மண்ணைத் தொட்டுப் பிசைந்து, அதில் செடியை நடவேண்டும். அத்தான் அமைதியாகத் தலையாட்டினார். அவர் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியபோதே நான் உஷாராகியிருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன். அக்காவின் குரல் அடங்கி இருந்தது. அவள் குரல் அடங்கினால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"உன் அத்தான் மண்ணை வேக வச்சிட்டிருக்கார். வந்து பாரு."

போனேன். கதவைத் திறந்ததும் முதல் மழைக்குப் பிறகு ஈரத் துணியைப் போட்டு எரித்ததுபோல் ஒரு நெடி. அடுப்பின் மேல் அக்காவின் பெரிய குக்கர் உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, இயந்திரத்தின் முன்னால் நிற்கிற அதே மிடுக்கோடு நின்றார். பக்கத்தில் துணியில் பொட்டலமாகச் சுற்றிய இன்னொரு கட்டு மண் தன் முறைக்காகக் காத்திருந்தது. கட்டின் மேல் வெள்ளை டேப்.

"கோடு கறுத்தாத்தான் எடுக்கணும்" என்று எனக்கு விளக்கினார். "இப்ப இந்த மண்ணைக் கையில இல்ல மச்சான், வாயிலகூடப் போடலாம்."

"போடுங்க" என்றாள் அக்கா. "ராத்திரிக்கு அதுதான் சாப்பாடு. அந்தக் குக்கர்ல இனிமே நான் ஒண்ணும் வைக்க மாட்டேன்."

"கழுவிக் கொடுத்துடறேன்னு சொல்றேன்ல?"

"பத்து நாள் கழுவுவீங்க. தெரியாதா?"

அத்தான் சொன்னது பொய்யில்லை. ஆறவைத்த மண்ணில் வெறுங்கையை விட்டுப் பிசைந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆலோசகர் அம்மா சொன்னதை எழுத்துக்கு எழுத்துச் செய்துவிட்ட திருப்தி. மாடியில் குடியிருக்கும் ஓட்டுநர் வீட்டம்மா கொடுத்த சின்னச் செடியை எடுத்து, அதன் வேரைக் குழாயடியில் பிடித்து ஒட்டியிருந்த கடைசி மண் துகள் வரைக்கும் அலசினார். பிறகு நட்டார். செடி மறுநாள் தலையைத் தொங்கப்போட்டது. அதற்கு அடுத்த நாள் படுத்தேவிட்டது. மாடி வீட்டம்மா விசாரித்தபோது, "குளிப்பாட்டியே கொன்னுட்டார்" என்று அக்கா சொன்னாளாம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். நானும் சிரித்தேன், துணி அறையில் அவரைப் பார்க்கும் வரைக்கும்.

அக்கா கொடுத்தனுப்பிய சாவியைத் தருவதற்காக அங்கே போயிருந்தேன். குழல்விளக்கின் கீழே ஒரு நீள மேசை. பக்கத்தில் மலைபோல அங்கிகள். அத்தான் ஒன்றை எடுத்து, அதன் கைகளை உள்ளே மடித்து, நாலாக மடித்து வைத்தார். வைத்ததைப் பிரித்தார். மறுபடியும் மடித்தார். என்னைப் பார்த்ததும் கையை மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் அம்மா அன்று காலைதான் சொன்னாராம்: மாதக் கடைசிக்குள் ஆலோசகரிடமிருந்து நல்ல பதில் வராவிட்டால் புது ஆளை மேசைக்கு நிரந்தரமாகப் போடவேண்டியிருக்கும், அதற்கு மேல் காத்திருக்கத் தன்னால் முடியாது. தன்மையாகத்தான் சொன்னாராம்.

"நான் பார்க்கலேன்னா யாரு பார்ப்பாங்க மச்சான்?"

"அதான் அந்தப் புது ஆள் பார்க்கிறாரே."

"அவன் ஒரு தடவைதான் பார்க்கிறான்."

"ஒரு தடவைதானே அத்தான் பார்க்கணும்?"

அவர் ஓர் அங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அந்தப் பழுப்புப் புள்ளியின் மேல் திரும்பியது. துருக்கறை. வெறும் துருக்கறை. ஒரு மனுஷனின் தூக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பொய் சொல்லிவிடலாம் என்ற யோசனை அத்தானுடையது. தடுக்காதது என் தப்பு. ஆலோசகர் என்ன கேட்டாலும் சொல்வதற்கு நாலைந்து வாக்கியங்களைத் தயார் செய்தோம். காற்று இதமாக இருந்தது. பறவைச் சத்தம் கேட்டது. மனசு லேசானது. இப்போதெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறது. அத்தான் இவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல ஒப்பித்தார். லேசானது என்று சொல்லும்போது பல்லைக் கடிக்காதீர்கள் என்று நான் திருத்தினேன்.

கூத்து என்னவென்றால், இத்தனை நாளும் பூங்காவுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. நிற்க விடாதவள் அக்கா. முதலில் வேண்டாவெறுப்பாகப் போனவள், இப்போது அவர் சாக்குச் சொன்னாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போய் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுக் காலைப் புல்லில் நீட்டிக்கொள்வாளாம். கழுத்து வலி குறைந்திருக்கிறது என்றாள். கடையில் வாடிக்கையாளர் யாராவது தொணதொணத்தால், சாயங்காலம் அந்த மரத்தடிக்குப் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாளாம்.

"வியாதி அவருக்கு, மருந்து எனக்கு வேலை செய்யுது" என்றாள். "இத்தனை வருஷத்துல எனக்கு யாராவது இப்படி எழுதிக் கொடுத்தாங்களாடா? போய் உட்காருன்னு ஒருத்தர் சொல்லலியே."

மூன்றாவது தடவை வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் ஆலோசகர் அம்மா. ஆகவே அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன். இந்த ஊரில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் உள்ள யாரைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான்.

அத்தான் ஒப்பிக்க ஆரம்பித்தார். காற்று இதமாக இருந்தது. நான் மொழிபெயர்த்தேன். பறவைச் சத்தம் கேட்டது. மொழிபெயர்த்தேன். ஆலோசகர் அம்மா ஆர்வமாக, என்ன பறவை என்று கேட்டார்.

அத்தான் விட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கறுப்பு" என்றார்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது. எல்லாம் போயிற்று, இனி அங்கி மடிப்புதான் என்று நினைத்தேன். அவர் எதையும் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டார்: பறவையை விடுங்கள், அந்த இடத்தில் எதையாவது, இருந்தபடியே இருக்கட்டும் என்று நீங்கள் விட்டது உண்டா?

நான் அதை எங்கள் மொழியில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தான் இந்த ஊர் மொழியிலேயே பதில் சொன்னார். மாடிக்குப் போனில் தகவல் சொல்கிற அதே துண்டு துண்டான பேச்சு. உண்டு. போன வாரம். என் மனைவி பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தோளில் ஒரு பறவை எச்சம் போட்டது. நான் துடைக்கவில்லை.

அந்த மொழி அக்காவுக்கும் தெரியும்.

"எச்சமா?" அவள் முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். "என் சால்வையிலயா? நீங்க பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆமா."

"ஒரு சாக்கடைத் தண்ணி தெறிச்சாலே ஊரைக் கூட்டுற மனுஷன், என் மேல விழுந்ததை மட்டும் வேடிக்கை பார்த்தீங்களா? ஓடுறவங்க, நடக்கிறவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்களே."

"துடைச்சா நீ முழிச்சுக்குவே."

"முழிச்சுக்கிட்டா என்ன இப்போ?"

"நீ அப்படித் தூங்கி நான் பார்த்ததில்ல" என்றார் அத்தான். "வாயைத் திறந்துக்கிட்டு தூங்கினே. வீட்டுல படுத்தாக்கூட நான் எழுந்து குழாயைத் திறந்தா முழிச்சுடறே. அன்னைக்கு பஸ் ஹாரன் அடிச்சான், அதுக்கும் முழிக்கல. நான் எப்படித் தொடுறது?"

ஆலோசகர் அம்மா, என்ன சொல்கிறார்கள் என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டார். இந்த ஒரு தடவை நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கியதைக்கூடச் சொன்னேன்.

அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டார் அவர்.

அத்தான் இப்போது எங்கள் மொழிக்கு வந்துவிட்டார். கை அரித்தது என்றார். பைக்குள் துடைப்புத் தாள் இருந்தது, கை அதை நோக்கிப் போய்ப்போய் வந்தது. கண்ணை எடுத்தால் பரவாயில்லையாக இருக்குமோ என்று வேறு எங்கேயோ பார்த்திருக்கிறார். குட்டையைப் பார்த்தாரா, மரத்தைப் பார்த்தாரா, அவருக்கே ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அரிப்பு நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியாது. வெயில் இறங்கியிருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சும்மான்னா?" என்று நான் கேட்டேன். அது ஆலோசகரின் கேள்வி அல்ல, என் கேள்வி.

"சும்மான்னா சும்மாதான் மச்சான். எதையும் பார்க்கல."

"அப்ப அந்தக் கறை எங்க?" அக்கா விடவில்லை. "சால்வையில நான் ஒண்ணும் பார்க்கலியே."

அத்தான் கொஞ்சம் நெளிந்தார். "வீட்டுக்கு வந்ததும் நீ முகம் கழுவப் போனேல்ல, அப்ப துவைச்சுட்டேன். ரெண்டு தடவை." பிறகு ஆலோசகர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணு" என்றார்.

ஆலோசகர் அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்; அவள் தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கப் போகவில்லை.

சிரித்து முடித்ததும் அவர் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார். அத்தான் மேசைக்குத் திரும்பலாம். ஆனால் தட்டைச் சுற்றுவதும் மூடுவதும் அவர் வேலை அல்ல. அவர் ஒரு தடவை பார்த்து அடுக்கியதும் பக்கத்தில் இருப்பவர் வாங்கிச் சுற்றிவிடவேண்டும். சுற்றியதை அத்தான் பிரிக்கக் கூடாது. பூங்காவும் தொடரவேண்டும். வெளியே வந்ததும் அத்தான் முதலில் கேட்டது, "அப்ப என் டேப்பை யாரு ஒட்டுவா?" என்பதுதான். எனக்கு அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது.

திரும்பிப் போன முதல் நாள், வேலை முடிகிற நேரத்துக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. அத்தான் மற்றவர்களோடு பேசிக்கொண்டே வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் கை தொங்கிக்கொண்டிருந்தது, சாதாரண மனிதர்களின் கை மாதிரி.

நடந்துகொண்டே சொன்னார். காலையில் வந்த ஒரு தட்டைப் பார்த்துக் கொடுத்துவிட்டார். பக்கத்து ஆள் சுற்றிவிட்டார். உடனே அந்தச் சின்ன இடுக்கியைச் சரியாகத் திறந்து பார்த்தோமா என்று சந்தேகம். கையை நீட்டிவிட்டார். மேற்பார்வையாளர் அம்மா பின்னாலிருந்து, "அது போயாச்சு" என்று மட்டும் சொன்னார்.

"அப்புறம்?"

"போயாச்சுன்னா என்ன பண்றது? நின்னேன். தட்டு உள்ள போச்சு, வேகுற வரைக்கும் கை அரிச்சுது. வெளிய வந்து லிஃப்ட்ல ஏறுச்சு. மேல போற சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"திரும்பி வந்துச்சா?"

"வரல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இன்னைக்கு வரல" என்று திருத்தினார்.

மரம் செடிகள்மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பெஞ்சைத் துடைப்பது நிற்கவில்லை. விரிப்பு மட்டும் சிறிதாகியிருக்கிறது. வாத்தை இன்னமும் எதிரியாகத்தான் பார்க்கிறார். உண்மையில் இப்போது பிரச்சினை அக்காவுடையது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் எப்படி வரும் என்று சண்டை. அடுத்த பெஞ்சுக்குப் போங்கள் என்று விரட்டிவிட்டாள். இப்போது ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு பெஞ்சு.

நேற்று சாயங்காலம் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் என் போன் அதிர்ந்தது. அத்தான். அவர் அந்த நேரத்தில் பூங்காவில் இருப்பார், அங்கே போனை எடுக்கவே கூடாது. என்னவோ ஏதோ என்று பயந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே ஓடினேன்.

"மச்சான், உங்க அக்கா தூங்கிட்டா."

"சரி."

"தலையில ஒரு காய்ஞ்ச இலை விழுந்திருக்கு. அதுல ஏதோ பூச்சி இருக்கிற மாதிரி தெரியுது. இங்கேருந்து சரியாத் தெரியல."

"விடுங்க அத்தான்."

"விட்டுட்டேன்ப்பா" என்றார், என்னமோ நான்தான் அவரைத் தொந்தரவு செய்வதுபோல. "விட்டுட்டேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."